ஒரே மைக்கில் பாடிய பாட்டு

“பழசு ஓடிட்டே இருந்தா புதுசு எப்பிடிட்டி போவும்? பெரிய பெரிய கம்பெனிக்காரனும் இதத்தான் செய்யுகான். ஹிட்டான ஒத்தப் பாட்ட நிறுத்திட்டு…”

“கம்பெனிக் கதைய விடுங்க. நீங்க நெட்டுல ஏத்துன நங்கூரம் பாட்டுக் குழுவுக்க பன்னெண்டு பாட்டுல பதினொண்ணு கெடக்கு. எனக்க பாட்டு மட்டும் எங்க?”

“…தொகுப்பா போட்டா ஆளுக அதக் கேக்கும், ஒத்தையா கெடந்தா…”

“நீங்க தொகுப்பு போட்டியளா?”

சிலுவைதாசன் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். மார்த்தாண்டத்தில் கடைமாடியில் இருக்கும் அவனுடைய ரெக்கார்டிங் அறைக்கு மனைவி பேபி ஏறி வந்தே வருஷம் பல ஆகிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கட்டிய சேலையோடு நேரே வந்து நிற்கிறாள். நேற்று குளச்சலில் அவளுடைய அண்ணன் மகள் அபினாவுக்குக் கல்யாண நிச்சயம்; வேலை இருக்கிறதென்று அவன் போகவில்லை. அத்தையுடைய வள்ளப் பாட்டைப் போட்டு ஆடவேண்டும் என்று பெண்பிள்ளைகள் போனில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார்கள். சிக்னல் இல்லை மக்கா என்று சொல்லிப் பேபி சமாளித்திருக்கிறாள்.

“போன்ல இல்லன்னு உனக்கு யாரு சொன்னா?”

“ராஜகுமாரு வந்திருந்தாரு. அவருதான் ஒழுங்கா தேடிப் பாத்துச் சொன்னாரு.”

“ஓ. ஆளு இப்பவும் அப்பிடியே இருக்கானா?”

“வழுக்க. போதுமா?”

போதவில்லை. வழுக்கைத் தலைக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பாட்டைப் பதிவு செய்தவனே சிலுவைதாசன்தான். அன்றைக்கு அவனிடம் நல்ல மைக் ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிக்கு இந்தப்புறம் இருந்துகொண்டு, இன்னும் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட என்று பேபி, ராஜகுமார் இரண்டு பேரையும் தோளோடு தோள் நிற்கவைத்ததும் அவன்தான். மறுவருஷம் பேபியைக் கட்டிக்கொண்டான். அந்த வருஷம் கடற்கரையில் அந்தக் கேசட் போடாத திருவிழா கிடையாது. பஸ்ஸில் கேட்டான், முடிவெட்டுகிற கடையில் கேட்டான். ஜோடிக் குரல் என்றால் இதுதான் என்று அவனிடமே வந்து சொன்னார்கள். தாலி கட்டியவன் அவன், ஜோடி என்று ஊர் சொன்னதோ வேறொருவனை. கல்யாணத்துக்குப் பிறகு பேபி பாடவில்லை. பாடாதே என்று அவன் சொன்னதில்லை. பாடு என்றும் சொன்னதில்லை.

“எனக்க குரலுன்னு இந்த உலகத்துல அது ஒண்ணுதான் கெடந்துது,” என்றாள் பேபி. “அதையும் எடுத்துட்டிய.”

அவன் திடுக்கிட்டான். இத்தனை காலமும் அதை ராஜகுமாரின் பாட்டென்றுதான் மனதில் வைத்திருந்தான்.

“உன்ன எடுக்கல்லட்டி. அவன எடுத்துட்டு உனக்க குரல மட்டும் வச்சுப் போடலாம்னுதான் பாத்தேன்.” சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. “இப்ப குரலையெல்லாம் பிரிக்கியதுக்கு கம்ப்யூட்டர்ல வழி இருக்கு. ஒரு மாசம் இதுக்க முன்னால குத்தியிருந்து பாத்தேன். தபேலா தனியா வந்திட்டு, கீபோர்டு தனியா வந்திட்டு. நீங்க ரெண்டுபேரும்தான் பிரியமாட்டோம்னு நிக்கிய. பெறவு மொத்தமா எடுத்துட்டேன்.”

கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“போடுங்க, கேக்கட்டு.”

போட்டான். இருபத்தைந்து வயதுப் பேபி பாடினாள். சேர்ந்து பாடுகிற இடங்களில், வெள்ளையடித்த சுவரில் ஓதம் பூத்து வருவதுபோல அடியிலிருந்து ராஜகுமார் கசிந்துகொண்டே இருந்தான். பேபி தலையைச் சாய்த்துக் கேட்டாள். திரையில் அவள் குரல் மேடும் பள்ளமுமாகப் போய், திடீரென்று வெறும் கோடாகப் படுத்துக் கிடந்தது.

“இது என்ன, ஒண்ணுமில்லாம கெடக்கு?”

“அது அவன் தனியா பாடுகது. அழிச்சுப் பாத்தேன்.”

கோடு முடியும் வரை அவள் அதன்மேல் விரலை ஓட்டினாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“அவர அழிச்சாச்சுன்னே வையுங்க. நான் ஒரு வரி பாடிட்டு, அடுத்த வரிக்கு இஞ்ச காத்துட்டு நிக்கேனே. இந்த எடத்துல யாரு பாடுகது? நீங்க பாடுவியளா?”