டுடோரியலுக்கு நான் ஏன் போக வேண்டும்?

நாற்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் முதல் நாளே ஒரு மரியாதை கிடைக்கும். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிஜப் பேராசிரியர் வந்தபோது நான் மட்டும் எழுந்து நின்றேன். மற்றவர்கள் அசையவில்லை. ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

பத்தொன்பது வருடம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவள் நான். டாக்டர்களின் கிறுக்கலையே படித்தவளுக்குக் கால அட்டவணை படிக்க வரவில்லை. பி-2-07 என்றால் பி கட்டிடம், இரண்டாம் மாடி, ஏழாம் அறை என்று காவலாளி சொல்லித்தான் தெரிந்தது. வாசிப்புப் பட்டியலில் இருபத்தாறு புத்தகங்கள் இருந்தன. நூலகத்திலிருந்து பதினொன்றை அள்ளிக்கொண்டு போனேன். நட்சத்திரம் போட்ட மூன்று போதும் என்று மறுநாள் நூலகர் சொன்னார்; முந்தின நாளே சொல்லியிருந்தால் என் தோள்பட்டை பிழைத்திருக்கும். பேராசிரியர் கதவில் ‘ஆபிஸ் நேரம்: 3 – 5’ என்று ஒட்டியிருந்தது. பாவம், வேலையாக இருப்பார், தொந்தரவு பண்ணக் கூடாது என்று ஐந்து மணி வரை வெளியே காத்திருந்தேன். ஐந்துக்கு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நம்மைப் போன்றவர்கள் போய்ச் சந்தேகம் கேட்பதற்கென்றே வைத்த நேரமாம் அது.

இதெல்லாம் சில்லறைக் கூத்து. பெரிய கூத்து வியாழக்கிழமை இரண்டு மணிக்கு இருந்தது. அட்டவணையில் அந்தக் கட்டத்தில் ‘புள்ளியியல் டுடோரியல், இ பிரிவு’ என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. டுடோரியல் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? என் தம்பி பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, சைக்கிள் கடை மாடியில் நடந்த டுடோரியலில் ஒரு வருடம் படித்தவன். ஃபெயில் ஆனவர்கள் போகிற இடம் அது. அவனுக்கு ‘டுடோரியல் துரை’ என்று பெயர் வைத்ததே நான்தான். வீடு, தெரு, அவன் கல்யாணப் பந்தல் வரைக்கும் அந்தப் பெயர் போனது. நானோ ஒரு பாடத்திலும் தோற்றதில்லை. வயதைப் பார்த்து, இவள் தேறமாட்டாள் என்று முன்கூட்டியே முடிவுகட்டி என்னை அந்தப் பட்டியலில் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். போகவே கூடாது என்று முடிவு செய்தேன்.

தம்பி இப்போது ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேன் வைத்திருக்கிறான். என்னைக் காலையில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிக்கொண்டு போவது அவன்தான். வியாழன் மட்டும் இரண்டு மணிக்கே வந்துவிடு என்றேன். ஏன், இரண்டு மணிக்கு வகுப்பு இல்லையா என்று கேட்டான். அது உன் மாதிரி ஆட்களுக்கு, எனக்கில்லை என்றேன். அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான்.

இப்படி நான்கு வியாழன் போயின. இதற்கிடையில் புள்ளியியல் எனக்கு ஒரு மண்ணும் ஏறவில்லை. விரிவுரையில் பேராசிரியர் ‘திட்ட விலக்கம்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அறையிலிருந்தே விலகிப் போய்விடலாம் போல இருந்தது. பக்கத்தில் உட்காரும் சுருட்டைமுடிப் பெண் மடமடவென்று கணக்குப் போடுவாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, பேராசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று நான் முணுமுணுத்தேன்.

ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது. நான்கு டுடோரியலுக்கு வரவில்லை, தக்க காரணம் இல்லாவிட்டால் புள்ளியியல் தேர்வு எழுத முடியாது என்று இருந்தது. அந்தத் தேர்வு போனால் முதலாம் ஆண்டே போயிற்று. மருந்துக்கடை முதலாளி மூன்றே மூன்று வருடத்துக்குத்தான் சாயங்கால அரை நாள் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். நாலாவது வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டம் வாங்கிச் சுகாதார அலுவலர் வேலைக்குப் போவது என் பத்து வருட ஆசை. துறை அலுவலகத்துக்கு ஓடினேன்.

அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தரம்மா எதைக் கொடுத்தாலும் ஒரு குத்து முத்திரை குத்துவார். கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, ஒரு டுடோரியலுக்குக்கூட வரலையே?”

“நான் எதுலயும் ஃபெயில் ஆகலையே மேடம்.”

முத்திரை அந்தரத்தில் நின்றது. அவர் பின்னால் திரும்பி யாரையோ பார்க்கப் போய், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இங்கே டுடோரியல் என்றால் எல்லோருக்கும் உண்டு என்று நிதானமாகச் சொன்னார். விரிவுரையில் கேட்டதைப் பத்துப் பன்னிரண்டு பேராக உட்கார்ந்து போட்டுப் பார்க்கிற வகுப்பாம். ஏ, பி, சி என்று ஆளாளுக்கு ஒரு நேரம். சுருட்டைமுடி திங்கட்கிழமை போகிறாளாம். நான் திருதிருவென்று விழித்தேன்.

ஒரு படிவம் கொடுத்தார். ‘காரணம்’ என்று ஒரு கட்டம். பெரும்பாலும் காய்ச்சல் என்று எழுதுவார்கள் என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு வாங்குவது எனக்கு எவ்வளவு நேரம்? ஆனால் அந்த நாலு வியாழனும் காலை பத்து மணி விரிவுரைக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து மணிக்கு இல்லாத காய்ச்சல் இரண்டு மணிக்கு வந்தது என்று எழுதினால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அதோடு, கவுண்டரில் போலிச் சீட்டோடு வந்தவர்களை எத்தனை பேர் முன்னால் விரட்டியிருக்கிறேன். உள்ளதை எழுதினேன். ‘டுடோரியல் என்றால் தோற்றவர்களுக்கு என்று நினைத்தேன். என் தம்பி அங்கே படித்தபோது நான் கேலி செய்தேன். அதனால் வெட்கப்பட்டு வரவில்லை.’ எழுதி முடித்ததும் காது சூடாகிவிட்டது.

எழுத்தரம்மா படித்தார். குத்தவில்லை. டுடோரியல் எடுக்கிற ஆசிரியையிடம் உள்ளே கொண்டுபோனார். அந்தப் பத்து நிமிடம் போல நீண்ட பத்து நிமிடம் என் வாழ்க்கையில் இல்லை. திரும்பி வந்து, இனி ஒன்றைக்கூட விடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள் என்றார். அப்புறம்தான் குத்தினார்.

அந்த வியாழன் முதல் முறையாக உள்ளே போனேன். ஒரே மேசை, சுற்றிப் பதினோரு பேர். ஆசிரியைக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, யாருக்கு எது புரியவில்லை என்பதுதான். ஒவ்வொரு பிள்ளையாக, கொஞ்சமும் கூசாமல், எனக்கு இது புரியவில்லை, எனக்கு அது புரியவில்லை என்று சொன்னார்கள். என் முறை வந்தது. எனக்கு முதல் பக்கத்திலிருந்தே புரியவில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று ஆசிரியை கேட்டார். பிறகு பலகையில் இரண்டு மருந்துக்கடை வரைந்தார். இரண்டிலும் சராசரியாக மணிக்குப் பத்துப் பேர். ஒன்றில் எப்போதும் ஒன்பது, பத்து, பதினொன்று. இன்னொன்றில் ஒரு மணி நேரம் ஈ ஓட்டுவார்கள், அடுத்த மணி நேரம் இருபது பேர் முண்டியடிப்பார்கள். இரண்டாவது கடையில் நின்றால்தான் முதுகு ஒடியும் என்றேன். அந்த முதுகு ஒடிகிற அளவுதான் திட்ட விலக்கம் என்றார். அட, இவ்வளவுதானா! ஐந்து வாரம் என்னை ஆட்டிவைத்தது இதுதானா!

மூன்று மணிக்கு வேனில் ஏறி, மூச்சு விடாமல் நடந்ததையெல்லாம் தம்பியிடம் கொட்டினேன். படிவத்தில் எழுதியதையும் சொன்னேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

“அந்தப் பேரை வெச்சப்ப உனக்குக் கோபம் வரலையாடா?”

“வந்துச்சுக்கா. ஆனா அங்க போனப்புறந்தான் எனக்குக் கணக்கே வந்துச்சு. புரியலைன்னா திட்டாம திரும்பச் சொல்லிக் குடுத்தாங்க. வந்து உன்கிட்ட சொல்லணும்னு பார்ப்பேன். நீ சிரிச்சுக்கிட்டே இருந்தே.”

தப்புடா, என்னை மன்னிச்சிரு என்றேன். போக்கா, அதெல்லாம் எந்தக் காலம் என்றான்.

“இப்ப சொல்லுடா. நான் கேக்குறேன்.”

முதலில் கூச்சப்பட்டான். பிறகு சைக்கிள் கடை மாடிப்படியிலிருந்து ஆரம்பித்தான். அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்தவர், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த தபால்காரர், முதன்முதலாக நூற்றுக்கு எழுபத்தொன்று வாங்கிய நாள், அந்தத் தாளை வீட்டில் காட்டாமல் சட்டைப்பையில் ஒரு வாரம் வைத்திருந்தது என்று வழி நெடுகச் சொன்னான். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். வீடு வந்தது. வண்டியை அணைத்துவிட்டும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், நான் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.