யார் தலையில் அந்தப் பணம்

புருஷோத்தமன் என்கிற அந்த ஏஜென்ட் காரிலிருந்து இறங்கும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. காலில் வெள்ளை ஷூ. மரக்காணம் உப்பளத்துக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருகிறவன், சேற்றில் இறங்காமல் காரியத்தை முடித்துக்கொண்டு போக வந்தவன். கூடவே கேமராவோடு சதீஷ் என்று ஒரு ஆள். என் மகனை வாங்கப்போகிற கிளப் அனுப்பிய ஆளாம்.

வாங்கப்போகிற என்றுதான் எல்லாரும் பேசினார்கள். மாட்டைச் சொல்வதுபோல. என் மகன் அறிவழகனும் அப்படியேதான் பேசினான். அவன் ஃபுட்பால் ஆடிப் பிழைக்கிறவன். பின்னால் இடது பக்கம் நின்று, வருகிறவனைத் தடுக்கிற வேலை. மெட்ராசில் ஒரு சின்ன கிளப்பில் சம்பளத்துக்கு இருந்தான். இப்போது வடக்கே ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்கிறது.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது மகனைக் கேட்டேன்.

"எவ்ளோ குடுக்குறான்?"

"முப்பது லட்சம், நைனா."

"உன் கையிலயா?"

"என் கையில எப்படிக் குடுப்பான்? இப்ப நான் இருக்கிற கிளப்புக்குக் குடுப்பான். எனக்கு சம்பளம் தனி."

"உன்ன மாத்திக்கினு போறதுக்கு அவன் இவனுக்குக் கட்டுறான்."

"ஆமா. அதான் டிரான்ஸ்பர்."



டிரான்ஸ்பர் என்ற வார்த்தைதான் புதுசு. சங்கதி எனக்குப் பழசு. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் உப்பு விளையாது. அந்த மாதங்களில் அளத்து முதலாளி கொடுக்கிற அட்வான்சில்தான் அடுப்பு எரியும். வாங்கினவன் தை பிறந்ததும் அவர் அளத்தில்தான் இறங்க வேண்டும். வேறு முதலாளிக்கு அந்த ஆள் வேண்டுமென்றால், பழைய முதலாளிக்கு அட்வான்சோடு ஆளுக்குத் தகுந்த தொகையும் சேர்த்துக் கட்டிவிட்டு ஆளை மாத்திக்கொண்டு போவார். பலராமன் அளத்திலிருந்து நடராசன் என்னை அப்படித்தான் மாத்தினார். வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தட்சணாமூர்த்தி, உன்னை மாதிரி மண் இறுகப் பாத்தி மிதிக்க ஆள் உண்டா என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவர் கட்டின பணம் முழுக்க என் தலையில் ஏறியது. பேசி முடித்த அன்றைக்கு இரண்டு முதலாளிகளும் குடித்த பிராந்தியும் சேர்ந்து ஏறியது. அதைக் கழித்து முடிப்பதற்குள் என் மகள் வைஜெயந்தி வளர்ந்து கல்யாணத்துக்கு நின்றுவிட்டாள்.

"அந்த முப்பதும் உன் தலையில ஏறுமேடா" என்றேன்.

அறிவழகன் சிரித்தான். "நைனா, அது அளம். இது ஃபுட்பால்."

மகனுக்காகப் பேசி முடித்துக் கமிஷன் வாங்குகிற ஏஜென்டும் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சிரித்தார். "ஐயா, இது கிளப்புக்கும் கிளப்புக்கும் நடக்கிற கணக்கு. தம்பிக்கு ஒரு பைசா பாரம் கிடையாது."

நடராசனும் என்னிடம் இதைத்தான் சொன்னார். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்.

சாப்பிட்டு முடித்ததும் சதீஷ் என்னை அளத்துக்குக் கூட்டிப்போனான். உப்பளத் தொழிலாளி மகன் பெரிய கிளப்புக்குப் போகிறான் என்று வீடியோ போடப்போகிறார்களாம். ஜனங்களுக்கு இந்த மாதிரி கதை பிடிக்குமாம். அங்கே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உப்பு எங்கங்க?" என்றான்.

"இப்பத்தான் பாத்தி மிதிக்கிறோம். உப்புக்கு மாசி கடைசியில வா."

மாசி வரைக்கும் அவனுக்குப் பொறுக்காது. மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த போன வருஷத்து உப்பைக் கூடையில் அள்ளிவந்து பாத்தியில் கொட்டச் சொன்னான். கொட்டினதைத் திரும்ப வாரச் சொன்னான். வாரினேன். பக்கத்தில் ஒரு பந்தை வைத்தான். முகத்தை இன்னும் கொஞ்சம் கஷ்டமாக வைக்கச் சொன்னான். அதற்கு மட்டும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

அறிவழகன் ரோட்டில் சிநேகிதர்களோடு நின்றிருந்தான். ஏஜென்ட் வரப்பில் ஷூவைப் பார்த்தபடி நின்றிருந்தார். பேசுவதற்கு இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் ஆள் மாத்தும்போது ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்களே அந்த ஆளைக் கொஞ்சம் மட்டம்தட்டிப் பேசுவார்கள். இடுப்பு சரியில்லை, வெயில் தாங்கமாட்டான் என்பார்கள். புது முதலாளி அதிகம் கட்டிவிட்டால் அது ஆள் தலையில்தான் விடியும் என்பதால் அப்படி. புது முதலாளியிடம் நேராகச் சொல்லமாட்டோம், அவருடைய ஆளிடம் சொல்வோம். என் அப்பன் அன்றைக்குக் கள் மயக்கத்தில் எனக்கு அதைச் செய்யாமல் விட்டுவிட்டார். என் மகனுக்கு நான் செய்யாமல் விடலாமா?

"தம்பி, உங்க மொதலாளிகிட்ட சொல்லு. முப்பது ரொம்ப அதிகம். அவனுக்கு எடது முட்டி சரியில்ல. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப வீங்கிப்போயி ரொம்ப நாள் நொண்டினான். பாத்துப் போடச் சொல்லு."

சதீஷ் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். ஏஜென்ட் வரப்பிலிருந்து குதித்து ஓடிவந்தார். வெள்ளை ஷூ கணுக்கால் வரை சேற்றில் போனது.

"ஐயா, இன்னா பேசுறீங்க நீங்க? டேய் சதீஷ், இத அழிச்சிடு."

"நான் சம்பளக்காரன் சார். எடுத்தத அப்படியே அனுப்பணும். அழிச்சா என் வேல போயிடும்."

அவன் சொன்னதும் நியாயம்தான். எனக்கு மனசு லேசாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் புது கிளப்காரர்கள் அறிவழகனை மெட்ராசிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். முட்டிக்குள் பழைய கிழிசல் ஒன்று இருந்ததாம். ஓடி ஆடுகிற யாரைப் படம் எடுத்தாலும் அந்த மாதிரி ஏதாவது தெரியும் என்று டாக்டரே சொன்னாராம். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பகல் பஸ்ஸில் வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"சந்தோஷமா நைனா? பன்னெண்டுக்கு எறங்கிட்டான்."

"நல்லதாப் போச்சு. பதினெட்டு கொறஞ்சுதே."

"யாருக்குக் கொறஞ்சுது? அவனுக்குக் கொறஞ்சுது. எனக்கு மூணு வருஷ சம்பளம் கியாரண்டின்னு எழுதியிருந்தாங்க. இப்ப அதுல ஒரு வரி சேத்துட்டாங்க. எடது முட்டி போச்சுன்னா அன்னியோட சம்பளம் நின்னுடும். ஆபரேஷன் செலவும் என்னுது."

"வலது முட்டி போனா?"

"வலது போனா குடுப்பாங்க. அதப் பத்தித்தான் நீ ஒண்ணும் சொல்லலியே."

என் சம்சாரம் ராசம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "வாய வெச்சிக்கினு சும்மா இருக்கத் தெரியாத மனுசன்டா இவரு. வைஜெயந்திய பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, சமையலு சுமாராத்தான் பண்ணுவான்னு சொன்னவரு. அவங்களா பெருந்தன்மையா கட்டிக்கினு போனாங்க."

"சீரு கொறச்சிக் கேட்டாங்களா இல்லியா?" என்றேன்.

மகன் பக்கம் திரும்பினேன்.

"அப்ப கையெழுத்துப் போடாத. இருக்கிற எடத்துலயே இரு."

"அங்க என் எடத்துக்கு ஒரு கேரளாக்காரனப் புடிச்சிட்டாங்க. என்னிய வித்த காசு வரும்னு நம்பி. நான் போகலன்னா மே மாசம் வரிக்கும் ஓரமா உக்கார வெப்பாங்க. ஆடாத ஆள அப்புறம் எவன் கேப்பான்? வெள்ளிக்கிழமையோட மாத்துற காலம் முடியுது."

"அந்த வெள்ள ஷூ ஒரு பைசா பாரம் இல்லன்னானே."

"முப்பதுக்கே போயிருந்தா இல்லதான், நைனா. அந்தப் பணம் யார் தலையிலயும் ஏறியிருக்காது."

அதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. யார் தலையிலும் ஏறாத பணத்தை நான் பார்த்ததில்லை. முப்பது கொடுக்கிறவன் முப்பதுக்குத் தகுந்த மாதிரி வேறு ஒரு வரியைப் பின்னால் எழுதியிருப்பான். ஆனால் அது என் வாயிலிருந்து எடுத்து எழுதின வரியாக இருந்திருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகனுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரன் போனில் ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னது பொய்யின்னு சொல்றேங்க. எங்க வரணுமோ வந்து சொல்றேன். அந்த வரிய எடுக்கச் சொல்லுங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். குரலில் கோபமே இல்லை. களைத்துப்போன குரல்.

"ஐயா, வெல கொறைக்க அவங்க எப்பவும் ஒரு காரணம் தேடிக்கினுதான் இருப்பாங்க. நீங்களே கையில குடுத்துட்டீங்க. குடுத்தத இனிமே திருப்பி வாங்க முடியாது. என் கமிஷனும்தான் போச்சு. நான் யார்கிட்ட போயி அழுறது?"

வெள்ளிக்கிழமை அறிவழகன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றபடியே போனில் கையெழுத்துப் போட்டான். கண்ணாடி மேல் விரலால் ஒரு கோடு இழுத்தான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

நான் நடராசனுக்குக் கைநாட்டு வைத்தபோது விரலில் மையாவது ஒட்டியது. இதில் அதுவும் இல்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, துணி எடுத்து வைக்க உள்ளே போனான். போகும்போது என்னிடம் கோபமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்குள் பாத்தியைப் பார்த்துவிட்டு வா என்றான்.

வீடியோ வந்தது. நான் போன வருஷத்து உப்பை வாருகிறேன். பின்னால் சங்கீதம் ஓடுகிறது. என் பேச்சு ஒன்றுகூட அதில் இல்லை. ஊரில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிரம்மதேசத்திலிருந்து ராசம்மாளின் தம்பி போன் பண்ணி, மாமா கண்ணு கலங்கிடுச்சி என்றான். எதற்கு என்று கேட்டேன்.

மேட்ச் நடக்கிற நாளில் சேட்டு டீக்கடைக்குப் போவேன். ஈ.சி.ஆர். ரோட்டு ஓரத்தில் அவன் கடையில்தான் பெரிய டி.வி. இருக்கிறது. கடையில் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் இடது முட்டியைப் பார்ப்பேன். கோல் விழுந்தால்கூட யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. சத்தத்தை வைத்து நம்மவனா எதிராளியா என்று தெரிந்துகொள்வேன்.

மூன்றாவது மேட்சில் ஒரு தடியன் வந்து மோதினான். அறிவழகன் விழுந்தான். எழவில்லை. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புரண்டான். கடையே எழுந்து நின்றது. எனக்கு முன்னால் தலைகளாக மறைத்தது.

"எந்தக் காலு?" என்றேன்.

ஒருவன் ரெஃப்ரியைத் திட்டினான். ஒருவன் ஐயோ பாவம் என்றான். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவன் கேமராவைப் பார்த்தபடி விழுந்திருந்தான். இடது எது வலது எது என்று எனக்குப் பிடிபடவில்லை. என் கையைத் தூக்கி அவன் கையோடு வைத்துப் பார்த்தேன். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்து மறைத்துவிட்டது.

"டேய் சேட்டு, எந்தக் காலுடா?"

சேட்டு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு டி.வி.யையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள்.

"வலது முட்டிதான், மாமா. நல்லா மடங்கிடுச்சி."

"நல்லவேள" என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.