உபயம் எழுதிய வண்டி

பெருந்துறை நாச்சிமுத்து பிறர் முன்னால் தலைகுனிந்து நின்றவர் அல்ல. ஊரில் கூட்டுறவுச் சங்கத் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். மனைவி போன பிறகு, நியூஜெர்சியில் பிஸ்கட்டவே ஊரில் இருந்த மகன் ஜெயபிரகாஷின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்திலும் அவருடைய வேட்டியின் கஞ்சி குறையவில்லை, முதுகும் வளையவில்லை. “அர்த்தநாரி மகன் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு” என்று தம் தகப்பனார் பெயரைச் சொல்லித்தான் எதையும் தொடங்குவார்.

அப்படிப்பட்டவர் குடியிருந்த வீட்டின் வாசலில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு பிணம் கிடந்தது.

பிணம் என்றது மோட்டார் ஹோமை. அடுப்பும் கட்டிலும் கக்கூசும் உள்ளேயே வைத்துக் கட்டிய பெரிய வண்டி. ஜெயபிரகாஷ் அதைப் பழையதாக வாங்கி, குடும்பத்தோடு ஒரே ஒரு முறை நயாகராவுக்குப் போய் வந்தான். திரும்பும் வழியில் ஒரு மரக்கிளை கூரையைக் கிழித்துவிட்டது. கிழிசலை ஒட்டுப்போட்டு நிறுத்தியவன் அப்புறம் அதைத் தொடவில்லை. இரண்டு குளிர்காலத்துப் பனி உருகி உள்ளே இறங்கியது. தரைப் பலகை ஊறி, கால் வைத்தால் ஈரமண் போல அமுங்கியது. எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் டவுன்ஷிப் நிர்வாகத்து ஆள் வந்து, வீட்டு வாசலில் இதை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரர்கள்தான் புகார் கொடுத்திருக்க வேண்டும். மருமகள் வசந்தாமணிக்கு அவர்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“ஏனுங்க மாமா, இவரு இதை எப்பத்தான் தலைமுழுகுவாரு? நீங்களாச்சும் சொல்லுங்க” என்றாள்.

“நான் என்ன வச்சுக்கிட்டுக் கொஞ்சறேனா? பழைய வண்டி உடைக்கற ஜங்க்யார்டு ஒண்ணு விடாம போன் பண்ணிட்டேன்” என்றான் ஜெயபிரகாஷ். “இதுல இரும்பை விட மரமும் ஃபைபரும்தான் ஜாஸ்தியாம். எடுத்துட்டுப் போறதுக்கு நாமதான் காசு கொடுக்கணுங்கறான்.”

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை செத்த பிறகும் தீனி கேட்டது.

வழி கண்டுபிடித்தவர் நாச்சிமுத்துதான். பக்கத்து ஊரில் தமிழர்கள் சேர்ந்து ஒரு பழைய பண்ணை நிலத்தை வாங்கி, அங்கிருந்த கொட்டகையில் முருகனைப் பிரதிஷ்டை செய்திருந்தார்கள். மாயவரத்துப் பக்கத்திலிருந்து ரத்னசபாபதி குருக்களை வரவழைத்திருந்தார்கள். அவருக்கு இருக்க இடம் கட்டவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் சபரிநாதன் வீட்டு பேஸ்மென்டில்தான் தங்கியிருந்தார். அங்கிருந்து விடிகாலையில் கோயிலுக்கு அழைத்துப் போக யாராவது வரவேண்டும்.

“கோயிலுக்குக் கொடுத்துடலாம்” என்றார் நாச்சிமுத்து. “குருக்களுக்குத் தங்க இடமாச்சு. உனக்கும் டாக்ஸ்ல ஏதோ கழிச்சுக்கலாம்னு சொன்னியே.”

“ஃப்ளோர் சாஃப்டா இருக்குப்பா.”

“பலகை ஒண்ணு போட்டு மேல கார்ப்பெட் விரிச்சுக் கொடுத்தா மரியாதையா இருக்கும்.”

மரியாதை என்ற சொல்லைத்தான் அவர் சொன்னார். தமக்குள்ளும் அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டார். தங்கள் வீட்டு பேஸ்மென்டில் கால் உடைந்து சாய்ந்திருந்த பச்சை நிறப் பிங்பாங் மேசையை ஜெயபிரகாஷ் அறுத்தான். அழுகிய இடத்தின் மேல் அந்தப் பலகையைப் பொருத்தினார்கள். கார்ப்பெட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, சுருக்கமில்லாமல் விரித்தவர் நாச்சிமுத்து. நடந்து பார்த்தார். தரை திண்ணென்றுதான் இருந்தது.

ஊரில் அவருடைய தகப்பனார் கோயிலுக்கு வாழைத்தார் கொடுத்தால், தோட்டத்தில் முதல் தாரைத்தான் கொடுப்பார். ஒரு காய் நசுங்கியிருந்தாலும் அது வீட்டுக்கு, கோயிலுக்கு வேறு. இது நாச்சிமுத்துவுக்கு அன்று நினைவுக்கு வராமல் இல்லை. வந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

வண்டியை ஒப்படைத்த அன்று கமிட்டியில் ஒருவர் உள்ளே ஏறி மூலைமுடுக்கெல்லாம் பார்க்கப் போனார். சபரிநாதன் அவர் கையைப் பிடித்துச் சிரித்தார்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறதாங்க? ஐயா வீட்டு வண்டிங்க. இறங்குங்க கீழே.”

அதோடு அவர் விடவில்லை. உபயம் எழுத வேண்டும் என்றார். நம் கோயில்களில் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தாலும், வெளிச்சம் மறைய மறையப் பெயர் எழுதுவது வழக்கம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாச்சிமுத்து, தம் பெயர் வேண்டாம், தகப்பனார் பெயர் இருக்கட்டும் என்றார். அதைச் சொன்னபோது தம்முடைய அடக்கத்தை எண்ணி அவருக்கே நிறைவாக இருந்தது. வண்டியின் பின்புறத்தில், சிவப்புப் பெயின்டில், தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதினார்கள்: உபயம், பெருந்துறை அர்த்தநாரி நினைவாக, குடும்பத்தார்.

கந்தசஷ்டியன்று கொட்டகை கொள்ளாத கூட்டம். நாச்சிமுத்துவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அபிஷேகம் முடிந்ததும் சபரிநாதன் மைக்கைப் பிடித்து, வண்டி கொடுத்த குடும்பத்துக்கு முதல் மரியாதை என்று அறிவித்தார். குருக்கள் பரிவட்டத்தோடு வந்தார். வலதுகாலை ஊன்ற முடியாமல் இழுத்து இழுத்து நடந்தார். முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது வேட்டிக்குள் புடைத்துத் தெரிந்தது.

“கால்ல என்னங்க?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

குருக்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் பரிவட்டத்தை அவர் தலையில் கட்டினார்.

சாப்பாட்டின்போது சபரிநாதன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெயபிரகாஷும் வசந்தாமணியும் இன்னும் நாலைந்து பேரும் சுற்றியிருந்தார்கள்.

“உங்ககிட்டச் சொல்லவே சங்கடமா இருக்குங்க ஐயா. நீங்க அவ்வளவு நல்ல வண்டியைக் கொடுத்தீங்க. நம்ம குருக்கள் மூணு மாசத்துல பாழாக்கிட்டார். உள்ளேயே சொம்பு சொம்பா ஊத்திக் குளிக்கிறது, மடின்னு சொல்லி ஈர வேட்டியை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போடறது. ஃப்ளோர் அழுகி, போன வாரம் கால் உள்ள போயிடுச்சு. நல்லாத் திட்டி விட்டேன்.”

“மாயவரத்துல தளம் போட்ட வீடுன்னு நெனச்சுட்டாரு போல” என்று ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

ஜெயபிரகாஷ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தாமணி தண்ணீர் எடுத்து வருவதாக எழுந்து போனாள். பேச வேண்டிய நேரம் அதுதான் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. தலையில் இன்னும் பரிவட்டம் இருந்தது. “ஹூம்” என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்தார். அதை அவர்கள் வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது குருக்கள் வந்தார். காலை இழுத்துக்கொண்டு, தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் முன்னால் நின்றார்.

“பெரியவா மன்னிக்கணும். மனசாரத் தெரிஞ்சு பண்ணலை. இந்த ஊர்ல மரப்பலகைமேல நடமாடறோம்கறது எனக்குப் புத்தியில படலை. உங்க தோப்பனார் பேர் எழுதின வண்டி. அதுதான் ராத்திரியெல்லாம் உறுத்திண்டே இருக்கு. இப்ப வஸ்திரத்தை வெளியில வேலியில போட்டுடறேன். உள்ளே ஒரு சொட்டு ஜலம் விடறதில்லை.”

நவம்பர் குளிரில் வேலியில் போட்ட வேட்டி காயாது, விறைக்கும். அதைத்தான் மனிதர் காலையில் கட்டிக்கொண்டு பூஜைக்கு வந்துகொண்டிருந்தார்.

நாச்சிமுத்து பரிவட்டத்தைக் கழற்றி மடியில் வைத்தார்.

“வண்டி வரும்போதே அப்படித்தானுங்க இருந்துச்சு. தரை அழுகியிருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன்” என்றார்.

சபரிநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா, இதுதான் பெரிய மனுசங்கறது. குருக்களைக் காப்பாத்தறதுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கறாரு. சாமி, அவர் கால்ல விழுங்க.”

“இல்லீங்க, நான் நெசமாத்தான்…”

“விடுங்க ஐயா. உங்களை எங்களுக்குத் தெரியாதா?”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து வாழ்க்கையில் பட்ட வெட்கங்களில் பெரியது, அவர் உண்மையைச் சொன்ன நேரத்தில் வரவில்லை; அதற்கு அடுத்த நொடியில் வந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, மரியாதையும் போகவில்லை, இதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவருக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் அவருக்கு இனித்தது. இனித்ததை உணர்ந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

எழுந்தார். கொட்டகைக்கு வெளியே நடந்தார். மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் பின்னால் வந்தார்கள்.

“அப்பா, சொல்லியாச்சில்ல. போதும் விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றான் ஜெயபிரகாஷ் காதோரமாக.

“பாக்கட்டும்.”

வண்டிக்குள் ஏறினார். ஊறிய மரத்தின் வீச்சம் அடித்தது. ஒரு மூலையில் குருக்களின் பெட்டியும் பஞ்சாங்கமும் செங்கல்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. பலகை எட்டாத கதவோரத்தில் குருக்களின் கால் போன இடத்தை அட்டையால் மூடியிருந்தார்கள். நாச்சிமுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கஞ்சிபோட்ட வேட்டி ஈரத்தில் நனைந்தது. கார்ப்பெட்டின் முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கிழிந்துகொண்டு வந்தது.

அடியில் பச்சைப் பலகை, அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

சபரிநாதன் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். அந்த மேசையில் அவர் எத்தனையோ சனிக்கிழமை ஜெயபிரகாஷோடு பிங்பாங் ஆடியிருக்கிறார். பலகையைப் பார்த்தார், ஜெயபிரகாஷைப் பார்த்தார்.

“இது உங்க வீட்டு டேபிள்” என்றார் மெதுவாக.

ஜெயபிரகாஷ் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தான்.

“நான்தான் போடச் சொன்னேன்” என்றார் நாச்சிமுத்து. மண்டியிட்டபடியே சொன்னார். எழுந்திருக்கக் கை கொடுக்க இந்த முறை யாரும் முந்திக்கொண்டு வரவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தாமே எழுந்தார்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கொட்டகைக்குத் திரும்பியது. குருக்கள் மட்டும் நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினார் நாச்சிமுத்து. இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அப்ப, வஸ்திரத்தால ஆகலையா?” என்று கேட்டார் குருக்கள்.

“இல்லீங்க.”

“உள்ளேயே காயப்போட்டிருக்கலாம்” என்றார், தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல.

“எங்க வீட்டுக்கு வந்துடுங்க சாமி. என் ரூமைத் தர்றேன். சமையலுக்குத் தனி அடுப்பு வச்சுக்கலாம்.”

“வேண்டாம் பெரியவா. தலைவர் ஆத்து பழைய பேஸ்மென்டே போறும்” என்று கும்பிட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு சாயங்கால பூஜைக்குப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் வசந்தாமணி காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஜெயபிரகாஷ் ஒரே ஒரு முறை வெடித்தான்.

“இனிமே நான் அந்தக் கோயில் பக்கம் எப்படிப் போறது? ஆஃபீஸ்லயே அவங்க நாலு பேர் இருக்காங்க. சொன்னதோட விட்டிருக்கலாமில்ல? மண்டி போட்டுக் காட்டணுமா?”

“காட்டலீன்னா நம்பியிருக்க மாட்டாங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

மகன் தம்மைப் போலத்தான் வளர்ந்திருக்கிறான் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

கூலி கொடுத்து ஜங்க்யார்டுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. வண்டியை இழுத்துப் போக டோ டிரக் வருகிற அன்று அப்பாவும் மகனும் கோயிலுக்குப் போனபோது, சபரிநாதன் வண்டியின் பின்னால் வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்றிருந்தார். நேராக முகம் பார்க்கவில்லை.

“ரோட்ல போகும்போது பேர் தெரிய வேணாம்னு… மேல ஒரு கோட் அடிச்சுடறேனுங்க. உங்கப்பா பேரு பாருங்க.”

அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். நாச்சிமுத்து சிவப்பு எழுத்துகளை ஏறிட்டுப் பார்த்தார். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்துக்கூட மங்கவில்லை.

“வேண்டாங்க. கார்ப்பெட்டும் இதுக்குத்தான் போட்டோம்” என்றார்.

சபரிநாதன் பிரஷ்ஷை டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

டிரக், வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஜங்க்யார்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் ஜெயபிரகாஷ் காரில் பின்தொடர்ந்தான். பக்கத்தில் நாச்சிமுத்து. எட்டடி உயரத்தில் அர்த்தநாரியின் பெயர் அவர்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனது. சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரிலிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அந்த எழுத்துகளை வேடிக்கை பார்த்தாள். அழகாக இருப்பதாக நினைத்திருப்பாள். அந்தச் சாலையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

ஜெயபிரகாஷுக்குத் தாங்கவில்லை. இண்டிகேட்டரைப் போட்டான்.

“ஓவர்டேக் பண்ணி முன்னால போயிடறேன்பா. வழி தெரியும்.”

“வேண்டாம்” என்றார் நாச்சிமுத்து. “பின்னாலயே போ.”