மேட்டு வீட்டுக்குள் ஏறும் கடல்

மேட்டு வீட்டுக்குள் மட்டும் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறியது. அந்த நிலமுனையிலேயே உயரமான வீடு அது. கீழே படகுத்துறையை ஒட்டிய வீடுகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. தீவுக்குப் போகும் படகின் சுக்கானை மூன்று தலைமுறையாகப் பிடித்த குடும்பத்தின் மூத்தவர், மனைவியோடும் தம்பியோடும் அங்கே வாழ்ந்தார். தண்ணீர் வடிந்ததும் கட்டிலடியில் அழுகிய பாசியும், அலமாரித் துணிகளுக்குள் சொறிமீன் கூழும் கிடக்கும். மனைவி அள்ளிக் கொட்டுவாள். "உங்க கௌரவத்தை அள்ளி அள்ளியே என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்பாள்.

ஒரு சாவு பற்றிய விசாரணைக்கு மறுநாள் கடல் இப்படி ஏறத் தொடங்கியது. கடைசிப் படகு கிளம்புமுன் துறையைப் பார்த்து மூன்று முறை குரல் கொடுப்பது தம்பியின் வேலை. தீவு மருத்துவமனைக்குப் போக வந்த ஒருத்தி அன்று துறைப்படியில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். ஏற்றினால் படகைக் கழுவ வேண்டுமே என்று தம்பி சத்தமில்லாமல் கயிற்றை அவிழ்த்தான். குரல் கேட்காதது நடுக்கடலில்தான் மூத்தவருக்கு உறைத்தது. அப்படியும் அவர் படகைத் திருப்பவில்லை. மறுநாள் முதல் படகு வருவதற்குள் அவள் இறந்துபோனாள். "என் தம்பி மூணு தரம் கூப்பிட்டான், என் காதால கேட்டேன். ஆளை விட்டுட்டுப் போற வம்சம் இல்ல எங்களது" என்று விசாரணையில் நிமிர்ந்து நின்று சொன்னார்.

நான்காம் வருடம், ஒரு மதியச் சாப்பாட்டில், தம்பியின் தட்டுக்குள் வழவழவென்று ஏதோ ஊர்ந்து ஏறியது. அவன் அதைச் சுண்டிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினான்.

"பழகிப்போச்சுண்ணே. நீங்களும் காலைத் தூக்கி வெச்சுக்குங்க, அவ்வளவுதான்."

மூத்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்தப் பூச்சியால் அல்ல. அவ்வளவு நிம்மதியாக அசைந்த அந்தத் தாடை அச்சு அசலாகத் தன்னுடையது என்பதால். எச்சில் கையோடு துறைக்கு இறங்கினார். அங்கே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த, இறந்தவளின் புருஷன் முன் நின்றார்.

"அவன் கூப்பிடல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"நாலு வருஷமா ஊரே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. உங்களுக்கு இப்பத்தான் நாறுச்சா?" என்று கேட்டு, அவன் அவர் முகத்தில் துப்பினான். அவர் துடைக்கவில்லை.

சுக்கான் வேறு குடும்பத்துக்குப் போயிற்று. தம்பி சொல்லாமல் எங்கோ போய்விட்டான். கடல் மட்டும் நிற்கவில்லை. மேட்டு வீட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆள் அனுப்பிக் கேட்டு, அதை வைத்துக் கடலின் ஏற்றத்தைக் கணித்த பிறகே இப்போது படகு கிளம்புகிறது. மூத்தவர் வாசலுக்கு வந்து, கணுக்கால் என்றால் கணுக்கால், முழங்கால் என்றால் முழங்கால் என்று உள்ளபடி சொல்லி அனுப்புகிறார்.