தூங்கும் கீரியோடு ஒரு படம்

மூக்கில் மயக்க வாயு முகமூடியோடு கீரி மயங்கிக் கிடந்தது. காதில் மட்டும் லேசான துடிப்பு. கால்நடை டாக்டருக்கு அந்தத் துடிப்பு பிடிக்கும். இத்தனூண்டு உடம்புக்கு மயக்கம் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் ஆளையே கொண்டுபோய்விடும். கண்ணுக்குக் களிம்பு போட்டாயிற்று, ரத்தம் எடுத்தாயிற்று, எங்கே திரிகிறது என்று காட்டும் கழுத்துப் பட்டையும் மாட்டியாயிற்று. வயிற்றை வருடியபோது விரலில் பால் பிசுபிசுத்தது.

"பால் குடுக்கற தாய்ங்க இது. வளையில குட்டிங்க பசியோட கிடக்கும். தெளிஞ்சதும் கொண்டுபோய் விட்டுடணும்" என்றாள் கணவனிடம்.

கீரி ஆராய்ச்சிக்கு அவன்தான் தலைவன்; மயக்கம் கொடுப்பது மட்டும் அவள் பொறுப்பு.

"விடலாம், விடலாம். அவர் வந்துட்டார். ஒரே ஒரு படம்."

அவர் என்றால் பட்டைகளை வாங்கிக் கொடுத்த முதலாளி. ஆளுக்கு முன்னால் வாசனை அறைக்குள் வந்தது. டாக்டர் மனதுக்குள் அவருக்குச் சென்ட்டு பாட்டில் என்று பெயர் வைத்து ரொம்ப நாளாகிறது. கூடவே கேமராவும் கழுத்துமாக அவருடைய மச்சான். பாட்டில் வந்ததும் வராததுமாக, கையுறைகூட இல்லாமல், முகமூடியை ஒதுக்கி, கீரியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்.

"பாம்பையே கடிச்சுக் குதறுமாமே! இப்ப பாரு, பழைய செருப்பு மாதிரி கிடக்கு."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். அது அவன் பிழைப்பு. கணவனும் சிரித்தான். அதைத்தான் டாக்டரால் தாங்க முடியவில்லை. ராத்திரியானால் மகளுக்குக் கீரிக் கதையாகச் சொல்லித் தூங்க வைக்கிற அதே வாய்.

ஒரே ஒரு படத்துக்குச் சம்மதித்தாள். கீரிக்கு அடியில் இருந்த வெந்நீர்ப் பை ஆறிப்போயிருந்தது. மயக்கத்தில் சின்ன உடம்பு மளமளவென்று சில்லிட்டுப் போகும். "நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையோடு பக்கத்து அறைக்குப் போனாள். குழாயில் சுடுதண்ணீர் வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

திரும்பி வந்தபோது கீரி பாட்டிலின் மடியில் மல்லாக்கக் கிடந்தது. அவர் அதன் முன்னங்காலைப் பிடித்துக் கேமராவுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார். முகமூடி பக்கத்தில் கிடந்தது; மயக்க வாயுவின் திருகு கடைசிவரை திரும்பியிருந்தது.

"காது ஆடுச்சு. முழிச்சுக்கப் போகுதுன்னு நான்தான் கொஞ்சம் ஏத்தி விட்டேன்" என்றான் கணவன், ஏதோ ஒத்தாசை செய்தவன் மாதிரி.

இப்போது காது ஆடவில்லை. நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சு அசையவே இல்லை.

பிடுங்கிக்கொண்டு மேசைக்கு ஓடினாள். திருகை மூடினாள், நாக்கை வெளியே இழுத்தாள், முகமூடியை மாட்டி வெறும் ஆக்சிஜனைத் திறந்துவிட்டாள். இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். கையெல்லாம் சென்ட்டு நாற்றம். கீரியின் மயிரிலும் அதே நாற்றம். இந்த நாற்றத்தோடு போனால் குட்டிகள் அம்மாவை அடையாளம் கண்டுகொள்ளுமா? முதலில் இது பிழைக்க வேண்டுமே. அமுக்கினாள்.

ஒரு விக்கல். பிறகு ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. காது துடித்தது.

பின்னால் கைதட்டல் கேட்டது. பாட்டில்தான். 

"அந்த நெஞ்சை அமுக்கற சீன் பிரமாதம் மேடம்!" என்றான் மச்சான்.

கணவன் அவள் காதருகே குனிந்தான். அவன் சட்டையிலும் அந்தச் சென்ட்டு. "கோவிச்சுக்காத, அதான் பிழைச்சிடுச்சே. அமுக்கற மாதிரி இன்னொரு தடவை பண்ணேன். அவர் மச்சான் போகஸ் பண்றதுக்குள்ள மூச்சு வந்துடுச்சு."

அவள் முகமூடியைக் கழற்றினாள். கீரியை இருட்டுப் பெட்டிக்குள் சூடான பையின் மேல் படுக்க வைத்து மூடினாள். பிறகு மயக்க வாயுவின் திருகைத் திறந்து, முகமூடியைக் கணவனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சரி. நீங்க படுங்க."

பாட்டில் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. கணவன் சுவர் வரைக்கும் பின்வாங்கி, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டான்.