யார் பெயரில் போனாள்

இலங்கையில் மாத்தளைக்குப் பக்கத்து எல்கடுவையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ராசம்மாவைத் தேடி, 2008 ஆகஸ்டில் ஐரோப்பாவின் ஒல்லாந்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் அன்யா, வயது இருபத்தைந்து. பலாபத்வலயில் வாசனைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலமும் கறுவாவும் காட்டி விளக்கம் சொல்லும் லாபிர்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார். தொழிலாளர் லயத்து வாசலில் நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தங்கச்சி, இந்தப் புள்ளைய சின்னதுல தத்து எடுத்துப் போயிருக்காங்க. கடதாசியில பெத்த தாய்ன்னு ஒங்கட பேர்தான் இரிக்கி."

ராசம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எண்பத்துமூன்றில் அவளுக்கு இருபது வயது. கட்டிக்கொள்வதாகச் சொன்னவன் பெற்றோருடன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அதற்குப் பிறகுதான் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தது. கண்டியில் எல்லோரும் நோனா என்று அழைத்த ஒரு பெரிய வீட்டுச் சீமாட்டி அப்படிப்பட்ட பெண்களை வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்து, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள், பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை வாங்கிப் போனார்கள். ராசம்மா கைநாட்டு வைத்தாள். அதன்பின் அவள் யாரையும் கட்டவில்லை.

அன்யா மாத்தளையில் அறை எடுத்துத் தங்கினாள். வேலை விடும் நேரத்துக்கு நாள்தோறும் லயத்துக்கு வந்து, ரொட்டியை உறைப்பான தேங்காய்ச் சம்பலில் தொட்டுத் தின்று கண்ணீர் வடியச் சிரித்தாள். 'அம்மா' என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டாள். ஆனாலும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றாள்.

"கன்னத்துக்கு உள்ளுக்குப் பஞ்சால தடவி எடுப்பாங்க," என்று லாபிர் விளக்கினார். "அதுல டி.என்.ஏ இரிக்கி. புள்ளைட ஒடம்புல பாதி தாய்ட, பாதி தகப்பன்ட. பொய் சொல்லாது."

மூவரும் வேனில் கொழும்புக்குப் போனார்கள். உள்நாட்டுச் சண்டைக்காலம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ராசம்மாவின் அடையாள அட்டையை ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவர்கள் தாயும் மகளுமா என்று பார்க்கப் போகிறோம் என்று லாபிர் சிங்களத்தில் சொன்னார். அவன் இரண்டு முகங்களையும் உற்றுப் பார்த்தான். அதே கண் என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சொல்லைக் கொழும்பு வரைக்கும் ராசம்மா மனதில் வைத்துக்கொண்டே போனாள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு முடிவு வந்தது. பொருந்தவில்லை.

இரண்டு நாள் ராசம்மா வேலைக்குப் போகவில்லை. அன்யா வந்தபோதும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானே மாத்தளைக்குப் பஸ் ஏறினாள்.

"என் பேருல இந்தப் புள்ள போயிருக்கு. அப்ப என் புள்ள யாரு பேருல போச்சு?" என்று லாபிரிடம் கேட்டாள். "அந்த வீட்டுல என்னோட ஒரே அறையில பாப்பம்மான்னு ஒரு அக்கா இருந்திச்சு. அதுக்கும் பொம்பளப் புள்ள, ஒரு நாள் முந்தி. அந்தக்காவப் பாக்கணும்."

லாபிர் விசாரித்துப் பார்த்ததில், பாப்பம்மா ரத்தோட்டையில் கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளைகளும் கண்டிருந்தாள். ராசம்மாவைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, குழாயடிக்கு ஒதுக்கிக் கூட்டிப் போனாள்.

"என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. நீ போயிரு ராசம்மா."

"போறேன்க்கா. ஒரு புள்ள தாயத் தேடி வந்திருக்கு. எனக்குப் பொறந்ததில்லன்னு சொல்லிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பாப்பம்மா வாளியில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா. உறைப்புதான் ஆகாது."

அடுத்த வாரம், கண் கிளினிக்குக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பாப்பம்மா பஞ்சுச் சோதனைக்குக் கொழும்புக்கு வந்தாள்.

முடிவு வரும்போது அன்யா ஒல்லாந்துக்குத் திரும்பியிருந்தாள். மாத்தளை பஸ் நிலையத்தில் லாபிர் தம் கைத்தொலைபேசியில் அவளை அழைத்துப் பாப்பம்மாவின் காதில் வைத்தார். பொருந்தியிருந்தது. அந்தப் பக்கம் 'அம்மா' என்று கேட்டது. பாப்பம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ராசம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அழுகை அடங்கியதும் பாப்பம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு புள்ளையோட கடதாசியும் மாறியிருக்கு. அப்ப ஒன் மக என் பேருலதான் போயிருக்கணும். நோனா எனக்கும் ஒரு கடதாசி குடுத்திச்சு. எந்த நாடு, யாரு எடுத்தாங்க, எல்லாம் அதுல இருந்திருக்கும்." தலையைக் குனிந்துகொண்டாள். "கல்யாணத்துக்கு முந்தின நாளு, பயத்துல அடுப்புல போட்டுட்டேன்டி."

ராசம்மா பிடித்த கையை விடவில்லை. "எனக்கு இருந்த பயம்தானே ஒனக்கும்," என்றாள். கண்டி வீடு எப்போதோ கைமாறிவிட்டது. நோனாவும் இறந்துவிட்டாள். ராசம்மாவின் டி.என்.ஏ எண்கள் எழுதிய தாளின் பிரதியை, தாயைத் தேடும் மற்றப் பிள்ளைகளிடம் காட்டுவதற்காக அன்யா கொண்டு போயிருந்தாள். ராசம்மாவுக்கு மிச்சமிருந்த வழி அது ஒன்றுதான்.

இருவரும் ரத்தோட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். லாபிர் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"லாபிர் நானா, இப்ப அங்க என்ன நேரம்?" என்று ராசம்மா கேட்டாள்.

"எங்க தங்கச்சி? ஒல்லாந்துலயா?"

இல்லை என்று அவள் தலையாட்டினாள். தன் மகள் எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.