ஆளவந்தார் செத்தாரா, கிடா பிழைத்ததா

டிவித் தொடரின் கடைசி நாளில் துப்பறியும் அதிகாரி ஆளவந்தார் ஜீப்போடு மலையிலிருந்து உருண்டார். பள்ளத்தில் ஒரு செருப்பைக் காட்டி 'முற்றும்' என்று போட்டுவிட்டார்கள். மறுநாள் வெள்ளிமலை ஊரே இரண்டு கட்சியாகப் பிளந்தது. பேருந்தில் 'செத்தார்' கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கமாக உட்கார்ந்ததில், வண்டி கள்ளக்குறிச்சி வரைக்கும் சாய்ந்தே போனது.

மற்றவர்களுக்கு அது கதை. பொன்னுரங்கத்துக்கோ கிடா போகிற விஷயம். ஆளவந்தார் பிழைத்தால் மாரியம்மனுக்கு வீட்டுக் கிடாவை வெட்டுவதாகப் பொன்னுரங்கத்தின் மனைவி இருசம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கிடா யானைக்குத் தம்பி. அவர் கையால் முறுக்கு தின்று வளர்ந்தது.

"செருப்புதான கெடக்குது, பொணம் எங்க?" என்றாள் இருசம்மாள், டீக்கடையில்.

"அந்தப் பள்ளத்துல ஜீப்பே மிஞ்சாது, மனுசன் இன்னாத்துக்கு மிஞ்சுவான்? ஆளு காலி," என்றார் பொன்னுரங்கம். தொண்டை கட்டும்வரை வாதாடி, கடையையே தன் கட்சிக்கு இழுத்துவிட்டார்.

இருசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிய்யா, செத்துட்டாருன்னே வச்சிக்குவோம். புள்ளகுட்டி இல்லாத மனுசன், நாமதான் காரியம் பண்ணணும். வர்றவங்களுக்குக் கறிச்சோறு போடாம வுட முடியுமா?"

கடையே தலையாட்டியது. பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு, மசாலா தன் பொறுப்பு என்றான்.

பொன்னுரங்கம் டீ கிளாசை மெல்லக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கு இப்ப அவசரப்பட்டுக்கினு? செத்தாரா இருக்காரான்னு நாடகம் எடுத்தவனுக்கே தெரியல. நாம எதுக்கு முடிவு பண்ணணும்?"